மனப்பாடமும் மருத்துவமும்

(தேனியில் நடந்த பகுத்தறிவாளர் கூட்டத்தில் பேசியது)



மருத்துவ மாணவர்களின் படிப்பைப் பற்றி நாம் பேசப் போகிறோம். அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். க.விலக்கில் மருத்துவக் கல்லூரியும் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. அங்கே படிக்கிற பிள்ளைகள் கையில்தான் நாளைக்கு நம் உயிர் இருக்கும். ஆகவே அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கேட்க நமக்கு முழுப் பாத்தியதை உண்டு.

நம் நாட்டில் படிப்பு என்றாலே ஓதுவது என்று ஆக்கிவிட்டார்கள். அர்த்தம் தெரியாமல் ஓதுகிறவன் பண்டிதன். கையால் வேலை செய்கிறவன் கீழ்ஜாதி! பிணத்தைத் தொட்டால் தீட்டு என்ற கட்டுப்பாட்டை மீறி, 1836ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன குப்தா பிணத்தை அறுத்துக் காட்ட வேண்டியிருந்தது. ஓதினது பரீட்சையோடு போய்விடும். கண்ணால் கண்டு, கையால் செய்து, ஏன் என்று கேட்டதுதான் நிலைத்து நிற்கும்.

ஓர் உதாரணம் சொல்லுகிறோம். கம்பம் பள்ளத்தாக்கில் வயலுக்கும் தோட்டத்துக்கும் போகிறவர்களுக்குப் பாம்புக்கடி புதிதல்ல. விரியன் விஷம் இரத்தத்தை உறையவிடாது என்று புத்தகத்தில் இருக்கிறது. மாணவன் அதை நூறு தரம் ஓதலாம். அதைவிட, கடிபட்டவரின் இரத்தம் 2 மில்லியைச் சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிஷம் அசைக்காமல் வைத்து, அவனையே சாய்த்துப் பார்க்கச் செய்யட்டும். சாய்ப்பதற்கு முன், "உறைந்திருக்குமா, இருக்காதா?" என்று ஆசிரியர் கேட்கட்டும். இரத்தம் தண்ணீர் போல் ஓடினால் அதை அவன் ஆயுளுக்கும் மறப்பானா?

அதோடு விட்டுவிடக் கூடாது. கண்ணாடிக் குழாய் ஏன்? கண்ணாடி பட்டால் இரத்தம் உறையத் தூண்டப்படும், பிளாஸ்டிக்கில் அப்படியில்லை. இரத்தம் உறைந்துவிட்டால் ஆபத்து இல்லையா? உண்டு. கட்டுவிரியன் கடித்தால் இரத்தம் உறையும். ஆனால் இமை தொங்கும், பிறகு மூச்சே நிற்கலாம். ஆகவே குழாயை மட்டுமல்ல, மனிதன் முகத்தையும் பார் என்று சொல்லிக் கொடுப்பதுதான் படிப்பு.

இந்த "ஏன்" தெரிந்த மாணவனுக்கு மந்திரவாதியின் இரகசியமும் தெரிந்துவிடும். கடிக்கிற பாம்புகளில் பல விஷமில்லாதவை. விஷப்பாம்பு கடித்தாலும் சில சமயம் விஷம் ஏறுவதில்லை. பிழைத்தவன் மந்திரத்தால் பிழைத்தானாம். செத்தவன் விதியால் செத்தானாம்! எப்படியிருந்தாலும் மந்திரவாதிக்குத் தக்ஷணை!

ஆனால் மாணவன் இதை நோயாளிக்கு எந்தப் பாஷையில் சொல்வது? நோயாளி தமிழில் வலியைச் சொல்லுகிறான். படிப்போ இங்கிலீஷில் இருக்கிறது. தமிழில் முடியாது என்பவர்கள் யாழ்ப்பாணத்தைப் பார்க்கட்டும். 1847ல் அங்கே வந்த அமெரிக்க டாக்டர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் ஆஸ்பத்திரியோடு சேர்த்தே மாணவர்களைப் பழக்கினார். 1864 முதல் தமிழிலேயே மேல்நாட்டு வைத்தியத்தைப் போதித்தார். உடற்கூறு பற்றிய "மனுஷ அங்காதிபாதம்" 1872ல் வெளிவந்தது. அவர் பாதிரிக் கூட்டத்தைச் சேர்ந்தவர். அந்த மதம் நமக்கு வேண்டாம். ஆனால் கடல் கடந்து வந்த ஒருவர் நம் பாஷையில் செய்ததை, இந்தப் பாஷையிலே பிறந்தவர்கள் முடியாது என்பது வெட்கமல்லவா?

இங்கிலீஷை விட்டுவிடச் சொல்லவில்லை. படுக்கையருகில் கற்றதை, அந்த நோயாளியின் வீட்டாருக்குப் புரியும்படி மாணவன் தமிழில் எடுத்துச் சொல்லட்டும். பிறருக்கு விளங்கச் சொன்னதுதான் தனக்கும் மறக்காமல் நிற்கும்.

தோழர்களே! நமக்கும் கடமை உண்டு. பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். ஆளை நடக்கவிடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். அங்கே நிற்கிற இளம் டாக்டரிடம், "ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அந்தக் கேள்வி உங்களுக்கும் அறிவு. அவருக்கும் பாடம் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறோம்.