கறுப்புக் கட்டையும் ஒப்பாரியும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



"பியானோ டீச்சர் வந்து நமக்கு என்ன சொல்லப் போறாங்க?" என்று இரண்டு பேர் தலைவியிடம் கேட்டார்களாம். நியாயமான கேள்விதான். கடன், வட்டி, தவணை பற்றி என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் பேச வந்தது, மனசுக்குள்ள அடைச்சு வச்சிருக்கிற துக்கத்தையும் கோபத்தையும் பற்றி. வாய் சொல்லத் தயங்குவதைச் சில நேரம் கை சொல்லிவிடும்.

இது நமக்குப் புதுசு இல்லை. ஒப்பாரி வைக்கிற பாட்டிகளைப் பார்த்திருப்பீங்க. ராகம் எல்லாருக்கும் தெரிஞ்சது. வார்த்தையை மட்டும் அந்த இடத்திலேயே கட்டுவாங்க. செத்தது பக்கத்து வீட்டுப் பெரியவரா இருக்கும்; பாட்டிலே வர்றது அண்ணன் சீர் செய்யாத கதை, மாமியார் பேசின பேச்சு, புருஷன் கைவிட்ட கதை. "அதை ஏண்டி இங்க சொல்றே?"ன்னு யாரும் கேட்க மாட்டாங்க. இசபெல் கிளார்க்-தெசே என்கிற மானிடவியல் பேராசிரியர் தமிழ்நாட்டு ஒப்பாரியைப் பற்றி 2005-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால், 'செத்தவருக்காக யாரும் அழுவதில்லை'. அவரவர் துக்கத்துக்குத்தான் அழுகிறோம்.

டவுனில் இப்போ அந்த அழுகைக்கும் இடம் குறைஞ்சுபோச்சு. ஐஸ் பெட்டி வருது, சொந்தக்காரங்க வந்துட்டுப் போறாங்க, அடுத்த வாரம் தவணை கட்டணும். சரி, ஒப்பாரிக்கும் பியானோவுக்கும் என்ன சம்பந்தம்?

ராகம் இருக்கு, வார்த்தையை அங்கேயே கட்டுறோம் என்றேன் இல்லையா? நோட்டு எதையும் பார்க்காம, அந்த நேரத்துல வர்றதை வாசிக்கிறதும் அதே வேலைதான். நம்ம ஊரிலேயே அப்படி வாசித்தவர் ஒருவர் இருந்தார். 1920-ல் புதுச்சேரிக்குத் திரும்பி வந்து, 1973-ல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்த ஆசிரமத்து அன்னை. புத்தாண்டில் ஆர்கன் முன்னால் உட்கார்ந்து மனதில் எழுவதை வாசிப்பார். அவருடையது தியானம், நம்முடையது அழுகை; இரண்டையும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் முன்கூட்டி எழுதி வைக்காமல் வாசிக்கலாம் என்பதற்கு வேற ஊர் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். பியானோவோ கீபோர்டோ, கறுப்புக் கட்டைகள் இரண்டு, மூன்று என்று கூட்டம் கூட்டமாக இருக்கும். வெள்ளையைத் தொடாதீங்க. கறுப்பை மட்டும் வாசிச்சா, எதை அழுத்தினாலும் காதுக்கு உறுத்தாது. ஏன்னா அந்த ஐந்து சுரமும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகும். மூன்று கறுப்பில் முதல் கட்டையை 'ச' என்று வைத்தால் மோகனம். அதே மூன்றில் கடைசிக் கட்டையில் ஆரம்பித்தால் இந்தோளம். இரண்டு கறுப்பில் இரண்டாவதை 'ச' என்று வைத்தால் சுத்த தன்யாசி. கட்டைகள் அதே ஐந்துதான், எங்கே நிற்கிறோம் என்பதுதான் மாறுது. மோகனத்தில் மலர்ந்திருந்த அதே சுரங்கள் இந்தோளத்தில் கனத்துப்போகும்.

இடது கை ஒரே கட்டையை, ஏணையை ஆட்டுற மாதிரி, திரும்பத் திரும்ப அழுத்தட்டும். அதுதான் நமக்குப் பிடிமானம். வலது கை போற இடத்துக்குப் போகட்டும். பக்கத்துல இருக்கிறவங்க கை தட்டக் கூடாது, "நல்லா வாசிச்சே"ன்னும் சொல்லக் கூடாது. பாராட்டினா அடுத்த தடவை அழகா வாசிக்கத் தோணும். மனசுல இருக்கிறது உள்ளேயே நின்னுடும்.

என்கிட்ட வந்த ஒரு அக்காவைப் பற்றி அவங்க அனுமதியோட சொல்றேன். குடியால் கணவர் போய்ச் சேர்ந்தார். ஊரே "விட்டது சனி"ன்னு சொல்லுச்சு. அதனால் அவங்களால அழ முடியலை. அழுதா, "இவனுக்கா அழுவுற?"ன்னு கேட்பாங்க. முதல் இரண்டு வாரம் ஒரே கட்டையைத் தட்டிட்டு எழுந்து போயிட்டாங்க. மூணாவது வாரம் அடிக் கட்டைகளை உள்ளங்கையால ஓங்கி அடிச்சாங்க, பத்து நிமிஷம். அப்புறம் கை தானா மெதுவாச்சு. கடைசியில், "டீச்சர், எனக்கு அவர்மேல கோபம் அடங்கலை. ஆனா சாயங்காலம் ஆனா வாசல்ல சைக்கிள் சத்தம் கேட்குதான்னு இன்னும் பார்க்குறேன்"னாங்க. ரெண்டும் ஒண்ணாவே வந்துச்சு. ஒரு மாசம் கழிச்சு, கணவர் வாங்கி வச்சிருந்த கந்துவட்டிக் கடனைப் பற்றிக் குழுக் கூட்டத்தில் வாய் திறந்து சொன்னாங்க. அதுவரைக்கும் அது யாருக்கும் தெரியாது.

பின்லாந்து நாட்டில், மனச்சோர்வு உள்ள 79 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2011-ல் வெளியிட்டார்கள். வழக்கமான சிகிச்சையோடு, சிலருக்கு மட்டும் இப்படி மனம்போல வாசிக்கும் 20 அமர்வுகள், பயிற்சி பெற்ற இசைச் சிகிச்சையாளர் துணையோடு. மூன்று மாதத்தில் அவர்களுக்குச் சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தன. ஆறு மாதத்தில் அந்த வித்தியாசம் அவ்வளவாக நிற்கவில்லை. ஆக, இது ஒரு தடவை போட்டுக்கிற ஊசி இல்லை. நம் பக்கத்திலேயே, பிள்ளையார்குப்பம் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரியில் இசைச் சிகிச்சைக்கென்று தனி மையம் இருக்கிறது.

ஒன்றை அழுத்திச் சொல்லணும். வீட்டில் அடி வாங்குகிற பெண்ணிடம் "போய் கீபோர்டு வாசி" என்று சொல்வது பாவம். அதற்கு 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கு. தூக்கமே இல்லை, உயிரோட இருக்கப் பிடிக்கலைன்னா 14416-க்கு போன் பண்ணுங்க. டெலி மனஸ், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். கூட ஒருத்தர் உட்கார்ந்து போன் போட்டுக் கொடுங்க.

மத்தபடி, கீபோர்டு வாங்கணும்னு உள்கடன் கேட்காதீங்க. போனில் இலவச பியானோ ஆப் போதும், கறுப்புக் கட்டை அதிலும் இருக்கு. சனிக்கிழமை மூணு மணிக்குமேல என் வீட்டு முன்னறை காலியாத்தான் இருக்கும். ஃபீஸ் இல்லை. ரெண்டு பேரா வாங்க. ஒருத்தர் வாசிக்க, ஒருத்தர் சும்மா உட்கார்ந்திருக்க.