தேயிலை உலர்த்தியும் ஒரு கத்தரியும்



தேவிகுளத்திலிருந்து மூணாற்றுக்கு இறங்கும் மலைச்சாலையில் செல்பவர்கள், தேயிலைத் தொழிற்சாலை ஒன்று நெருங்குவதைக் கண்ணால் காணுமுன் மூக்கால் அறிந்துகொள்வார்கள். கொழுந்து உலரும் மணம் காற்றோடு வந்து நம்மை எதிர்கொள்ளும். அந்த மணத்துக்குப் பின்னால் ஒருவருடைய எண்ணமும், அவ்வெண்ணம் விலைக்கு விற்கும் சரக்கான வரலாறும் உள்ளன. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர் அதைச் சந்தைக்குக் கொண்டுவருவது எப்படி என்று ஆராயப் புகும் நாம், அங்கிருந்தே தொடங்குவோம்.

சாமுவேல் டேவிட்சன் அயர்லாந்து நாட்டினர். 1864-ஆம் ஆண்டில், இருபது வயதுகூட நிரம்பாத இளைஞராகக் கச்சார்ப் பகுதியிலுள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு வேலைக்கு வந்தார். அந்நாளில் தேயிலையைக் கூடையில் பரப்பிக் கரியடுப்பின்மேல் வைத்து உலர்த்துவார்கள். ஓரிடத்தில் சூடு மிகும்; மற்றோரிடத்தில் இலை ஈரமாகவே கிடக்கும். ஆள் ஒருவர் அருகிலேயே நின்று கிளறிக்கொண்டிருக்க வேண்டும். கணம் தவறினால் கருகல் வாடை ஏறிவிடும். டேவிட்சன் வேறுவிதமாகச் சிந்தித்தார். அடுப்பிலே காற்றைச் சூடாக்கி, அந்தக் காற்றை மட்டும் தட்டுகளில் பரப்பிய இலையினூடே செலுத்தினால் என்ன? புகைக்கும் இலைக்கும் தொடர்பே இராதல்லவா? 1870-களில் இவ்வெண்ணம் இயந்திர வடிவம் பெற்றது, காப்புரிமையும் பெற்றது.

எண்ணம் உதிப்பது அரிது என்று நாம் பொதுவாக நினைக்கிறோம். அதற்குப் பின்வரும் வேலையே பெரிது என்பது நமது கருத்து. தாமே தோட்டத்தை நடத்தியவராதலால், கரிக்கும் ஆள்கூலிக்கும் எவ்வளவு செலவாகிறது, இயந்திரத்துக்கு எவ்வளவு விலை கொடுத்தால் கட்டும் என்பது டேவிட்சனுக்குத் தெரிந்திருந்தது. தொடக்கத்தில் இயந்திரங்களைப் பிறர் பட்டறையில் செய்வித்தார். பிறகு 1881-இல், பெல்பாஸ்ட் நகரில் ஏழே பேரைக் கொண்டு சொந்தத் தொழிற்சாலையைத் தொடங்கினார். ஆப்பிரிக்கப் பாலையிலிருந்து மத்தியதரைக் கடலைக் கடந்து வீசும் வெப்பக் காற்றின் பெயரான ‘சிராக்கோ’ என்பதையே சரக்குக்கும் சூட்டினார். சரக்கு செய்யும் தொழிலைப் பெயரே சொல்லிவிடுகிறது. விளம்பரச் செலவில் பாதி மிச்சம்! காற்றைச் செலுத்தும் விசிறிகளிலும் அவர் கருத்தைச் செலுத்தினார். தேயிலைக்காகத் தொடங்கிய அவ்வேலை பின்னர்ச் சுரங்கங்களுக்கும் கப்பல்களுக்கும் பயன்பட்டது.

எல்லாக் கண்டுபிடிப்புக்கும் இத்தகைய வேகம் வாய்ப்பதில்லை. பல் வெட்டிய இரண்டு உருளைகளை வெவ்வேறு வேகத்தில் எதிரெதிராகச் சுழலவிட்டு, இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. இயந்திரத்தை, 1930-களின் தொடக்கத்தில் அஸ்ஸாமின் அம்குரித் தோட்டத்தில் வில்லியம் மெக்கெர்ச்சர் அமைத்தார். அது பரவலாவதற்கு ஆண்டுகள் பல சென்றன. இன்று இந்தியத் தேயிலையில் பெரும்பகுதி அம்முறையில் ஆவதே.

இனி, தேவிகுளத்துத் தோட்டமொன்றில் ஒருவர், கொழுந்து வெட்டும் கத்தரியையும் அதனோடு சேர்ந்த ஏந்து பையையும் இலேசாக்க வழி கண்டார் என்று வைத்துக்கொள்வோம். மகிழ்ச்சி மிகுதியால் அதைக் கடைவீதியில் காட்டிவிடுவது ஆபத்து. முன்னரே வெளிப்பட்டது புதியதாகாது என்பது காப்புரிமைச் சட்டத்தின் அடிப்படை. முதலில் தற்காலிக விவரிப்பைத் தாக்கல் செய்து நாளைக் குறித்துக்கொள்ளலாம். முழு விவரிப்பைப் பன்னிரண்டு மாதங்களுக்குள் தர வேண்டும். கேரளத்தாருக்கும் சென்னை அலுவலகமே உரியது. ஆனால் விண்ணப்பம் ஆங்கிலத்தில் அல்லது இந்தியில் இருத்தல் வேண்டும். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு இவ்விடத்தில் ஒரு கவலை உண்டு. தமிழில் எண்ணித் தமிழில் விளக்கும் தொழிலாளியின் கருத்து, வேற்றுமொழிக்குச் செல்லும்போது ஒரு சொல் குறைந்தாலும் அவருடைய உரிமையின் எல்லை சுருங்கிவிடும். ‘வளைந்த தகடு’ என்று எழுதிவிட்டால், நேரான தகட்டை வைத்து மற்றவன் செய்துகொள்வான். ஆகவே எழுதியதைத் தமிழில் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகே கையொப்பமிடுவது நலம்.

இனி விற்பனை. கத்தரிக்குப் பணம் கொடுப்பது தோட்ட நிருவாகம். அதைப் பிடித்து நாள் முழுதும் உழைப்பவளோ மலைச்சரிவில் நிற்கும் பெண். நிருவாகம் விலையையும், ஒரு நாளில் சேரும் கொழுந்தின் எடையையும் கேட்கும். அவள் தோள்வலியைச் சொல்வாள். மழைக்காலத்தில் பிடி வழுக்குமா, முதிர்ந்த இலையும் சேர்ந்து வந்துவிடுமா, தகடு மழுங்கினால் மூணாற்றுப் பட்டறையிலேயே தீட்ட முடியுமா என்பவை இருவருக்கும் பொதுவான கேள்விகள். ஒரே அளவில் பத்துக் கத்தரிகளைச் செய்து, பத்துப் பெண்களிடம் ஒரு பருவம் கொடுத்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். அவர்கள் திருப்பிக் கொடுக்க மனமின்றி வைத்துக்கொண்டால், நிருவாகத்திடம் விலை பேசச் செல்லலாம்.