கட்சிப் பணமும் கணக்குக் கேட்கும் உரிமையும்



தேர்தல் வந்தால் பணம் வேண்டும். துண்டுப் பிரசுரம், ஒலிபெருக்கி, வாகனம், வாக்களிப்பு நிலையத்தில் அமரும் முகவருக்கு ஒருவேளைச் சோறு, இவையாவும் வானத்திலிருந்து விழுவன அல்ல. பெருங் கட்சிகளுக்குப் பெருவணிகர் துணை உண்டு. நம்போன்ற சிறு கட்சிக்கோ உறுப்பினர் சந்தாவும், கடல் கடந்து வாழும் உறவினர் உதவியும், ஊருக்கு இரண்டொரு செல்வர் தரும் நன்கொடையுமே துணை. அப்பணம் எவர் கையில் சேர்கின்றது, எவர் சொற்படி செலவாகின்றது என்று வினவினால், “தலைவரையே ஐயுறுகின்றீரா?” எனச் சினக்கின்றனர். ஐக்கிய நாணய சங்கப் பொதுக்கூட்டத்தில் ஐம்பது ரூபா குறைந்தாலும் எழுந்து நின்று கேட்கும் நம்மவர், கட்சிக் கூட்டத்தில் மட்டும் வாய்பொத்தி இருப்பதேன்?

சட்டமும் நெடுங்காலம் உறங்கியே கிடந்தது. 1946ஆம் ஆண்டின் தேர்தல் ஆணை அபேட்சகரின் செலவுக்கு வரம்பிட்டது, கணக்கும் கேட்டது. 1981ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டத்தில் அவ்வரம்பு இல்லாதொழிந்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரே, 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தற் சட்டம் பிறந்தது. தேர்தல் முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் வரவையும் செலவையும் ஆணைக்குழுவுக்குக் காட்டுதல் வேண்டும். 2024 செப்டெம்பர் சனாதிபதித் தேர்தலில் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபா என உச்சவரம்பு விதித்தனர். நாடு முழுவதற்கும் அது 186 கோடி ரூபாவைத் தாண்டிற்று. இத்தகைய வரம்பு நம்மனோர்க்கு வரம்பாகுமா? கடலுக்கு வேலியிட்ட கதைதான்! அவ்வாண்டு நவம்பர் 14ஆந் திகதி நடந்த பொதுத்தேர்தலின் கணக்குக்கு டிசெம்பர் 6 கடைசி நாள். அந்நாளுக்குள் கணக்களியாத அபேட்சகர் பலர்.

இன்னுமொன்று. ஆணைக்குழுவுக்குச் செல்லும் கணக்குத் தேர்தல் முடிந்தபின் செல்வது. உறுப்பினருக்கு வேண்டியதோ நியமனப் பட்டியல் எழுதப்படுமுன் தெரியவேண்டிய கணக்கு. ஏனெனில் பணத்தின் கை முதலில் தொடுவது அப்பட்டியலையே.

யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2024இல் அங்கு ஆசனங்கள் 6. ஒரு பட்டியலில் பெயர்கள் 9. வாக்காளர் இடக்கூடிய விருப்பு வாக்குகள் 3. எதிர்க்கட்சியோடு பொருதுமுன், ஒரே பட்டியலிலுள்ளோர் தம்முட் பொருதுகின்றனர். சொந்தப் பணமுடையவர் படம் மதில்தோறும் தொங்குகின்றது. அஃதிலாதவர் கட்சிக்கு முப்பதாண்டு உழைத்தவராயினும் பின்தள்ளப்படுகின்றார். தன் பணத்தால் வென்றவர் ஆசனத்தைத் தன் முதுசமென்றே எண்ணுவார். பிறகு எந்தத் தலைவர் அவரைக் கட்டுப்படுத்துவது?

புகையிலை செய்த கமக்காரருக்கு இது புதிதன்று. விதைப்புக்கும் பசளைக்கும் முற்பணம் தந்த வியாபாரியே அறுவடையில் விலை சொல்வான். தோட்டம் நம்முடையது, வியர்வை நம்முடையது. விலை மட்டும் அவனுடையது. பெயரறியாதார் தந்த முற்பணத்தில் தேர்தல் செய்யும் கட்சியின் நிலையும் அதுவே.

தலைமையைத் தெரிவு செய்வதில் ஒரு படி ஏறியுள்ளோம். 2024 ஜனவரி 21ஆந் திகதி திருகோணமலையில் இலங்கைத் தமிழரசுக் கட்சியினர் போட்டி நடத்தி, வாக்களித்துத் தலைவரைத் தெரிந்தனர். பின் அவ்விவகாரம் நீதிமன்றம் ஏறியதையும் நாடறியும். கட்சிக்குள் தீரவேண்டியது கட்சிக்குள் தீராவிடின், யாரோ ஒரு வழக்கறிஞர் வந்து தீர்க்க நேரிடும். பணக் கணக்கிலும் அதுவே நிகழும்.

ஆகவே நாம் கேட்பது இது. தனாதிகாரியைத் தலைவர் நியமித்தலாகாது. பொதுச்சபையே தெரிதல் வேண்டும். இலக்கமிட்ட பற்றுச்சீட்டின்றி ஒரு சதமும் பெறுதலாகாது. இலட்ச ரூபாவுக்கு மேல் தந்தோர் பெயரை, நியமனக் குழு கூடுமுன் கிளைதோறும் வாசித்தல் வேண்டும். தலைவர் திரட்டிய பணமும் அவ்வேட்டில் முதலில் வருதல் வேண்டும். பெயர் வெளிவந்தால் தொல்லை நேருமென அஞ்சுவோர் உளர். இம்மண்ணில் அவ்வச்சம் பொய்யன்று. அன்னார் சிறுதொகை தரட்டும், ஏற்போம். பெருந்தொகையும் மறைவும் சேர்ந்து வருதலையே மறுக்கின்றோம். கணக்காய்வுக்கு ஆளில்லை என்பார்க்கு ஒரு சொல்: இச்சபையிலேயே கணக்காளர் எத்தனை பேர் அமர்ந்திருக்கின்றனர்!

தீர்மானத்தின் பிரதி கிளைச் செயலாளரிடம் உண்டு. ஒவ்வொரு கிளையும் விவாதித்து, திருத்தம் வேண்டின் திருத்தி, பொதுச்சபை கூடுமுன் தலைமைச் செயலகத்துக்கு அனுப்புமாறு வேண்டுகின்றோம்.