கல்லறையும் கதையும்
(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மங்கலமான விழாவில் சுடுகாட்டைப் பற்றிப் பேசலாமா என்று பெரியவர் ஒருவர் என்னைக் கேட்டார். பேசலாம் என்றே எண்ணுகிறேன். நாம் வணங்கும் இறைவன் சுடலையில் ஆடுபவன். அந்த ஆடலைக் காணத் திருவாலங்காட்டை நாடிய காரைக்கால் அம்மையார் பேயுருவை வேண்டிப் பெற்றவர். அத்தகைய சமயத்திற் பிறந்த நாமோ, அந்தி சாய்ந்தால் இடுகாட்டுப் பாதையில் நடக்க அஞ்சுகிறோம்!

இவ்வச்சத்தை வளர்ப்பவை கதைகள். நுவரெலியாவில் கோல்ப் திடலருகே மேஜர் றொஜர்ஸ் என்ற ஆங்கிலேயரின் கல்லறை இருக்கிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று சொல்லப்படும் அவர், 1845ஆம் ஆண்டு அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். இறந்த பின்பும் அவர் கல்லறையை இடி விடவில்லை, அது யானைகளின் சாபம் என்பது ஊர்க்கதை. ஆறாயிரம் அடி உயரத்து ஊரில் இடி விழுவது இயற்கை. அதைச் சாபமாக்கியது மனித மனம்.

படக்காட்சியிலும் இதே சங்கதிதான். 1966இல் வெளிவந்த 'யார் நீ' படத்தில் வெண்சேலைப் பெண்ணைக் கண்டு நடுங்கியோர் பலர். முடிவில் அங்கே இருந்தது பேயன்று, மனிதனின் சொத்தாசை! 1968இல் அமெரிக்காவில் வந்த 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' இடுகாட்டிலேயே தொடங்குகிறது. பிணங்கள் எழுந்து நடக்கும் படங்கள் அதன்பின் உலகெங்கும் பெருகின.

இறந்தவர் திரும்பி வருவதே பயங்கரம் என்கின்றன இப்படங்கள். இறந்தவர் அடியோடு மறக்கப்படுவதே பயங்கரம் என்கிறேன் நான்.

மிஷன் பாடசாலையில் பயின்ற நாளில் தேவாலயக் கல்லறைகளின் எழுத்துக்களைக் கூட்டிப் படித்திருக்கிறேன். பொகவந்தலாவையில் 1879இல் மறைந்த புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கெமரனுக்குக் கல்லறை உண்டு. லூல்கந்துரவில் 1867இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லருக்குக் கண்டி மஹியாவையில் கல்லறை உண்டு. 1892இல் அவருடலைச் சுமந்து சென்றவர்கள் தோட்டத் தொழிலாளர். சுமக்கப்பட்டவருக்குக் கல் இருக்கிறது, சுமந்தவருக்கு எங்கே?

கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கி நடந்து, காட்டுவழியில் கொள்ளைநோய்க்கு இரையானவர்களின் பெயர் யாருக்குத் தெரியும்? 2023இல் அவ்வழியே பலர் நடந்து அவர்களை நினைவுகூர்ந்தனர். பெயர் நிலைத்தவர் சிலரே. 1940 ஜனவரி 10ஆம் நாள் முல்லோயாத் தோட்டத்தில் போலீசாரின் சூடுபட்டு இறந்த கோவிந்தன் அவர்களில் ஒருவர்.

சென்ற ஆண்டு, என் பாட்டனாரைப் புதைத்த இடத்தைக் காட்டும்படி அப்பாயியை அழைத்துச் சென்றேன். மானாப்புல் மூடிய சரிவில் நெடுநேரம் நின்றார். "டர்பன்டைன் மரத்துக்குக் கீழதான்யா வச்சோம். மரத்தைக் காணோமே!" என்றார். மரத்தை எப்போதோ வெட்டிவிட்டார்கள். அங்கே எனக்குப் பேய்ப்பயம் வரவில்லை. அப்பாயியும் போய்விட்டால் அந்தச் சரிவை யாரிடம் கேட்பேன் என்ற பயமே வந்தது.

தோழர்களே! அடுத்த ஆண்டு விழாவுக்குள் ஒவ்வொருவரும் தத்தம் தோட்டத்து இடுகாட்டின் புல்லைச் செதுக்குவோம். முதியோரை அழைத்துச் சென்று, யார் எங்கே கிடக்கிறார் என்று கேட்டுக் கொப்பியில் எழுதுவோம். பெரியோர்களே! நாங்கள் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லுங்கள். கல் நாட்டப் பணமில்லாவிட்டாலும், பெயரெழுத ஒரு பென்சில் போதும்.