பீர் நுரையும் ரப்பர் கார்க்கும்
(மூத்த குடிமக்கள் மாலைக் கூட்டத்தில் பேசியது)

அமெரிக்கா போய் வந்ததைப் பற்றிப் பேசச் சொன்னார் நம் செயலாளர். நயாகராவைப் பற்றி இங்கே ஏற்கெனவே மூன்று பேர் பேசிவிட்டார்கள். அதனால் நான் பீர் நுரையைப் பற்றிப் பேசப்போகிறேன். சிரிக்காதீர்கள். நான் குடிப்பதில்லை என்பது பி பிளாக் வரைக்கும் தெரிந்த விஷயம்.

என் மகன் ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லாந்தில் இருக்கிறான். வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறான். அங்கே அது குற்றமில்லை. 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டப்படி, பெரியவர்கள் இரண்டு பேராவது உள்ள வீட்டில் வருடத்துக்கு 200 காலன் வரை வரியில்லாமல் காய்ச்சலாம், விற்கத்தான் கூடாது. இங்கே 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. ஆகவே கேட்டதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எனக்கு இது பிடிக்கவில்லை. போய் இறங்கிய முதல் வாரம் அவனோடு சரியாகப் பேசக்கூட இல்லை.

எதிர் வீட்டுக்காரருக்கு எழுபதாவது பிறந்த நாள் வந்தது. என் பேத்திக்கு நடுராத்திரியில் மூச்சுத் திணறல் வந்தபோது காரை எடுத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டியவர் அவர்தான். அவருக்குக் கொடுக்கப் பன்னிரண்டு பாட்டில் நிரப்ப வேண்டும். பீர் இருப்பது கெக் என்கிற 19 லிட்டர் எஃகுப் பீப்பாயில். பக்கத்தில் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், நம் கேஸ் அடுப்புக்கு இருப்பதுபோல ஒரு ரெகுலேட்டர். கெக்கைச் சமையலறைக்கு இழுத்து வந்து குழாயைத் திறந்தான். பாட்டிலில் நாலு விரல் பீர், மிச்சமெல்லாம் நுரை. அடங்கட்டும் என்று காத்திருந்து ஊற்றினால் மறுபடி பொங்குகிறது. மூன்று பாட்டில் நிரம்புவதற்குள் அதே அளவு தரையில். மருமகள் மாப்பை எடுத்து வந்தாள். அவன் முகத்தைப் பார்த்தபின் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "நிறுத்துடா, ஏன் பொங்குதுன்னு முதல்ல பார்ப்போம்" என்றேன்.

பென்ஷன் தேதியில் எங்கள் கிளையின் ஷட்டரைத் தூக்குவது ஞாபகம் வந்தது. அடைத்து நின்ற கூட்டம் ஒரே மூச்சில் பாயும். இங்கேயும் அதுதான். கெக்குக்குள் வாயு அழுத்தத்துக்கு அடங்கி பீரில் கரைந்திருக்கிறது. 3, 4 டிகிரி குளிரில் அதை அடக்க 12 பிஎஸ்ஐ போதும். பெட்ரோல் பங்கில் டயருக்குச் சொல்கிற அதே கணக்கு. 20 டிகிரியில் அதே வாயுவை அடக்க 28, 30 வேண்டும். நாங்களோ வெதுவெதுப்பான டியூப் வழியாக, மூடியில்லாத வெறும் பாட்டிலுக்குள் அதைத் திறந்துவிட்டோம்.

கெக்கை மறுபடி ஃபிரிட்ஜுக்குள் ஏற்றினோம். கழுவிக் கிருமி நீக்கிய பாட்டில்களும் டியூப்பும் அதன் பக்கத்திலேயே. சாப்பிட்டு வந்து, சிலிண்டரை மூடி, கெக்கின் தலையிலுள்ள வால்வை இழுத்து வாயுவைக் கொஞ்சம் வெளியேற்றி, ரெகுலேட்டரை 3, 4 பிஎஸ்ஐக்குக் குறைத்தான். பாதி நுரை அதிலேயே போயிற்று.

மீதிப் பாதிக்கு ஒரு ரப்பர் கார்க். நடுவில் ஓட்டை, அதன் வழியாகப் பாட்டிலின் அடிவரை போகிற பிளாஸ்டிக் குழல். கார்க் பாட்டில் வாயை இறுக்கிப் பிடிக்கும். பீர் கொஞ்சம் ஓடும். உள்ளே அழுத்தம் ஏறி கெக்குக்குச் சமமானதும் தானாக நின்றுவிடும். அப்போது கார்க்கின் ஓரத்தை விரலால் லேசாக நெகிழ்த்தினால் புஸ்ஸென்று காற்று கசியும். கசிந்த அளவுக்குப் பீர் உள்ளே வரும். வேகம் முழுக்க விரலில்தான் இருக்கிறது. அவசரப்பட்டு முதல் பாட்டிலில் கார்க்கையே தூக்கிவிட்டேன். என் வாழ்நாளில் பீர் வாசனை வந்த ஒரே சட்டை அது.

கடைசியில் குழலை உருவும்போது கொஞ்சம் நுரை வாய்வரை ஏறும். அதைத் துடைக்கப் போனேன். "அது வேணும்பா" என்று தடுத்தான். கழுத்தில் நிற்கும் காற்றை அந்த நுரைதான் வெளியே தள்ளுகிறதாம். காற்று உள்ளே தங்கினால் சில வாரத்தில் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி ருசி வந்துவிடும். நுரையின் மேலேயே மூடி போட வேண்டும். ஜூஸ் பாட்டில் மாதிரி மெல்லிசான கண்ணாடி கூடவே கூடாது. வெளியே வைத்துச் சூடேறினால் அழுத்தம் ஏறி வெடிக்கும்.

குழாய் அவன் கையில், கார்க் என் கையில், மூடி அழுத்தும் கருவி மருமகள் கையில். பன்னிரண்டும் நிரம்பின. தரை காய்ந்தே இருந்தது.

எதிர் வீட்டுக்காரர் அங்கேயே ஒன்றைத் திறந்து கண்ணாடி டம்ளரில் ஊற்றினார். மேலே ரெண்டு விரல் நுரை, அவ்வளவுதான். யார் நிரப்பியது என்று கேட்டார். மகன் என்னைக் காட்டினான். எனக்கு ஆப்பிள் ஜூஸ் கொடுத்தார்கள்.