போதையில் வாகனம்: பொறுப்பு யாருக்கு?

 

சாரல் காலம் தென்காசி மண்ணுக்கு அல்லாஹ் வழங்கிய அருட்கொடையாகும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் நீராட மக்கள் திரள்கின்றனர். கடையநல்லூர், வடகரை, செங்கோட்டை வாலிபர்களும் இரு சக்கர வாகனங்களில் செல்கின்றனர். அவர்களுள் சிலர் நனைந்த சாலையில் போதையுடன் திரும்புவதை நாம் மறைப்பதால் பயனில்லை.

மதுவை ஷைத்தானின் அருவருப்பான செயல் என அறிவித்து, அதனை விட்டு விலகுமாறு அல்லாஹ் கட்டளையிடுகிறான் (5:90). அறிவை மறைப்பது எதுவோ அதுவே மது என உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் விளக்கியது புகாரியில் பதிவாகியுள்ளது. எனவே, கஞ்சாவுக்கும் போதை மாத்திரைக்கும் விதிவிலக்கு இல்லை.

அருவியில் குளித்தால் போதை தெளிந்துவிடும் என நம்புவோர் உண்டு. குளிர்ந்த நீர் உடலை நடுங்கச் செய்யுமே தவிர, இரத்தத்தில் கலந்த மதுவை அகற்றாது. தேநீரும் அகற்றாது. கல்லீரல் அதனைச் சிறிது சிறிதாகவே கரைக்கும்; அதற்குப் பல மணி நேரம் ஆகும். அதுவரை கண் தொலைவைத் தவறாகக் கணிக்கும். கை பிரேக் பிடிக்கத் தாமதிக்கும். எதிரே வருவது பிறர் பெற்ற பிள்ளையாக இருக்கலாம்.

சகோதரர்களே! இந்தக் குற்றம் குடித்தவனோடு நிற்பதில்லை. அருந்துபவரை மட்டுமன்றி ஊற்றிக் கொடுப்பவர், சுமப்பவர், விற்பவர் உட்படப் பத்துப் பேரை நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள் என திர்மிதியில் காண்கிறோம். நாட்டின் சட்டமும் இதனை ஒட்டியே உள்ளது. 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் முறையிலேயே 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை உண்டு. 18 வயது நிறையாத பிள்ளை வாகனம் ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோருக்கோ வாகன உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் கிடைக்கலாம்.

நெடுஞ்சாலையோர மதுக்கடைகளை அகற்றுமாறு 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017இல் அதில் தளர்வுகள் அளிக்கப்பட்டன. கடை தள்ளிப் போனாலும், வாகனம் அதனைத் தேடிப் போகும். ஆகவே, தடுப்பு வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

பெற்றோர்களே! 'வாப்பாவுக்குத் தெரிந்துவிடுமே' என்னும் அச்சத்தினாலேயே, தடுமாறும் நிலையிலும் மகன் வண்டியை ஓட்டி வந்துவிடுகிறான். "எந்நிலையில் இருந்தாலும் வண்டியில் ஏறாதே, என்னை அழை, நான் வந்து கூட்டிச் செல்கிறேன்" என்று இன்றே அவனிடம் கூறுங்கள். கண்டிப்பு மறுநாள் இருக்கட்டும். அன்றிரவு அவன் உயிருடன் வீடு சேரட்டும். பாவத்தை நாம் இலேசாக்கவில்லை. தவ்பாச் செய்ய அவனுக்கு ஆயுள் வேண்டும் என்கிறோம்.

வாலிபர்களே! அநியாயம் செய்யும் சகோதரனுக்கு உதவுவதென்பது அவனைத் தடுப்பதே என நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். போதையில் இருக்கும் நண்பனின் பின்னால் அமர்வது நட்பன்று. அவனிடமிருந்து சாவியை வாங்கிக்கொள்வதே நட்பு.

வல்ல அல்லாஹ் நம் மக்களைப் போதையிலிருந்தும் விபத்திலிருந்தும் காப்பானாக! ஆமீன்.