அம்மோன் கொம்பும் அரியலூர் மண்ணும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவு)



கேள்வி கேட்ட பிள்ளையை ஒருநாளும் அதட்டாத ஓர் ஆசிரியரின் நினைவாக அமைந்த அறக்கட்டளை இது. கிரேக்க, ரோமானியத் தொன்மங்களைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். ஏதென்ஸுக்குப் போகுமுன் அரியலூரை அடுத்த வாரணவாசிக்கு ஒருநடை போய்வருவோம். புதைபடிவ அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது.

1. ஒரு கல், இரண்டு தெய்வங்கள்

அங்குள்ள கல் ஒன்றைக் கையில் எடுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். கைமுறுக்குப் போலச் சுருண்டிருக்கும். சுற்றுக்குச் சுற்று வரிவரியாக மேடு. மேலோடு உதிர்ந்த இடத்தில், இலை விளிம்பைப் போல நெளிந்து நெளிந்து ஓடும் கோடுகள். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தபோது அதில் நீந்திய, கணவாய்க்குத் தூரத்து உறவான ஓர் உயிரின் ஓடு அது. பெயர் அம்மோனைட்.

யார் இந்த அம்மோன்? எகிப்தின் தெய்வம், ஆட்டுக்கடாவின் கொம்புடையவன். கிரேக்கர் அவனைத் தங்கள் சீயஸோடு சேர்த்தார்கள், ரோமானியர் ஜூப்பிட்டரோடு சேர்த்தார்கள். கி.மு. 331இல் அலெக்சாந்தர் பாலைவனம் கடந்து சீவா சோலையில் அந்தத் தெய்வத்திடம் குறி கேட்கப் போனான். பிறகு வந்த நாணயங்களில் அலெக்சாந்தரின் காதோரம் அதே கடாக்கொம்பு சுருண்டிருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் பிளினி, இந்தக் கல்லை ‘அம்மோனின் கொம்பு’ என்று குறித்து, வருவதைச் சொல்லும் கனவுகளைத் தரும் என்று மக்கள் நம்பியதையும் எழுதிவைத்தார்.

இமயத்தில் கண்டகி ஆற்றோரம் கிடைக்கும் இதே வகைக் கல்லைத்தான் நாம் சாளக்கிராமம் என்று பூசையறையில் வைத்திருக்கிறோம். அவர்கள் கொம்பைக் கண்ட சுருளில் நாம் திருமாலின் சக்கரத்தைக் கண்டோம். கடலே இல்லாத மலையிலும் மணலிலும் கடற்சுருள் எப்படி வந்தது? கேட்டவனுக்கு விடை வேண்டியிருந்தது. தொன்மம்தான் முதல் விடை.

2. எலும்பிலிருந்து எழுந்த வீரர்கள்

கிரேக்கத் தொன்மங்கள் அனைத்தும் கல்லிலும் எலும்பிலும் பிறந்தன என்று நான் சொல்லவரவில்லை. இடி, விதைப்பு, சாவு, அரச குலப் பெருமை, அண்டை நாட்டுக் கதைகள் எல்லாம் சேர்ந்த கூட்டாஞ்சோறு அது. கி.மு. 700 வாக்கில் கவிஞர் ஹெசியோட் அவற்றைக் குலவரிசையாக அடுக்கினார்: முதலில் வெறுவெளி, பிறகு பூமித்தாய், அவள் வயிற்றில் டைட்டன்கள், அவர்களை வென்ற சீயஸ். ஆனால் கண்ணெதிரே கிடந்த எலும்பும் கதைக்குச் சாட்சி சொன்னதுண்டு. 7 முழப் பெட்டியில் கிடைத்த எலும்புகளை ஒரெஸ்டஸ் என்னும் வீரனுடையவை என்று ஸ்பார்ட்டா மக்கள் ஊருக்கு எடுத்துப்போனதை வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். பழங்காலப் பெருவிலங்கின் எலும்பாக இருக்கலாம் என்பது இன்றைய அறிஞர் சிலரின் கருத்து.

நம்மிடமும் ஒரு டைட்டன் உண்டு. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த பெருவிலங்கின் எலும்புகளை 1987இல் யாதகிரி, அய்யாசாமி என்னும் இரு நிலவியலாளர்கள் விவரித்து, புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். முற்பாதி வடமொழி, ‘பேருடல்’. பிற்பாதி கிரேக்கம், ‘பல்லி’. முதலில் ஊனுண்ணி என்று கருதினார்கள். பிறகு தழையுண்ணும் டைட்டனோசார் குலத்தில் சேர்த்தார்கள். அந்த எலும்புகள் இன்று இல்லை, உதிர்ந்து மண்ணாகிவிட்டன. படங்களும் அளவுகளும் பெயரும்தான் மிச்சம். கிரேக்கரின் டைட்டன்களுக்கும் அதே கதிதான்: கும்பிட ஆளில்லை, பெயர் மட்டும் உலவுகிறது.

3. கதை போனாலும் பெயர் போகாது

இந்தப் பெயர்கள் எங்கெல்லாம் ஒளிந்திருக்கின்றன பாருங்கள். இமயம் எழுவதற்கு முன் அங்கே கிடந்த கடலுக்கு 1893இல் நிலவியலாளர் எடுவர்டு சூயெஸ் வைத்த பெயர் டெத்திஸ். ஆறுகளையெல்லாம் பெற்ற கிரேக்கத் தாய். கண்டகிச் சாளக்கிராமம் அவள் மடியில் கிடந்த கல். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஒரே கல்லில் வடித்த நவக்கிரகத்தை வலம்வருகிறோம். அங்குள்ள செவ்வாய் ரோமானியரின் மார்ஸ், புதன் மெர்க்குரி, வியாழன் ஜூப்பிட்டர். இக்கோள்களின் பெயரால் அமைந்த கிழமைகளின் வரிசையும் அவர்களுக்கும் நமக்கும் ஒன்றே. சோதிடர் சொல்லும் ஓரையும் கேந்திரமும் கிரேக்கச் சொற்களின் வழிவந்தவை என்பது அறிஞர் துணிபு.

நமக்கு வாங்கல் மட்டும் இல்லை, கொடுக்கலும் உண்டு. 1860களில் நிலவியலாளர் பிளான்ஃபோர்டு இப்பகுதிப் பாறை அடுக்குகளுக்கு ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்றே பெயர் சூட்டினார். தொல்லுயிரியலாளர் ஸ்டோலிச்கா இங்கே கிடைத்த ஓர் அம்மோனைட்டுக்கு ‘அரியலூரென்சிஸ்’ என்று பெயரிட்டார். எகிப்துத் தெய்வம், கிரேக்க வழி, லத்தீன் விகுதி, நம் ஊர்: நாலும் ஒரு கல்லின்மேல்.

மாணவர்களே, சாத்தனூர்க் கல்மரத்தைப் பார்த்திருப்பீர்கள். ‘கல்மரம்’ என்ற இரண்டு சொல்லில் வியப்பும் விடையும் அடங்கிவிட்டன. காரை ஓடைக்கரையிலும் சுண்ணாம்புக்கல் சுரங்க ஓரத்திலும் கிடக்கும் மற்றக் கற்களை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்லி அழைக்கிறார்கள்? இன்று மாலை வீட்டுக்குப் போனதும் கேளுங்கள். கேட்டதை ஊர்ப்பெயரோடு எழுதிவையுங்கள். கல்லமேட்டு எலும்பு மண்ணில் கரைந்தது. எழுதிவைத்த பெயர் கரையவில்லை.